சிவப்பு வந்தது

மூத்த பேரன் கனடாவில் எஞ்சினியராகிவிட்டான். அடுத்தவள் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டாள். சின்னவள் கம்பஸில் மூன்றாம் வருடம். வேலிக்கு மேலால், பக்கத்து வீட்டிலிருந்த உனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், இன்றைக்குச் சின்னவளின் பேரில் நின்றுவிட்டது. சின்னவள் லீவில் வந்திருக்கிறாள். அவள் செய்த விளக்கு வளையம் மேசையில் இன்னும் பாதி கழன்று கிடக்கிறது. வீடு முழுக்க ஈயம் உருக்கிய மணம்.

உனக்குத் தலைச்சுற்று வரத் தொடங்கியபோது செய்து தந்தது அது. உன் குசினியில், அடுப்படிச் சுவரில் ஒரு பொத்தான், என் விறாந்தையில் பதினாறு பொட்டு விளக்குகள். காலையில் எழும்பி நீ அழுத்தினால், பச்சை ஒவ்வொன்றாக ஓடி வட்டமாகும். ஏழு மணிவரை அழுத்தாவிட்டால் வட்டம் முழுக்கச் சிவப்பு.

"உயிரோடை இருக்கிறன் எண்டு உனக்கு நாளாந்தம் கையெழுத்து வைக்கோணுமாக்கும்" என்று சிரித்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அந்தக் கையெழுத்தை வாசிக்க வந்தது.

அன்றைக்கு அளவெட்டியிலிருந்து கலியாணம் சொல்ல விடியவே ஆட்கள் வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நிற்க, வளையம் சிவந்தது.

"இதென்னக்கா, நல்ல வடிவாய்க் கிடக்கு!"

"என்ரை பேத்தியின்ரை வேலை. கம்பஸிலை இருந்துகொண்டே நிறம் மாத்துவாள்."

தீபாவளிக்கு அவள் கைத்தொலைபேசியால் அப்படி விளையாட்டுக் காட்டியது உண்மைதான். ஆனால் நான் மணிக்கூட்டையும் பார்த்தேன், சரியாய் ஏழு. உன் நினைவும் வந்தது. வாய் நிற்கவில்லை. மூத்தவன், அடுத்தவள், சின்னவள் என்று எல்லோரையும் சொல்லி முடித்து, வந்தவர்களைப் படலை வரை கொண்டுபோய் விட்டபிறகுதான் உன்னிடம் வந்தேன். குசினி வாசலில் கிடந்தாய். உன் கையில் இன்னும் சூடு இருந்தது.

செத்தவீட்டில் சின்னவள் கேட்டாள்: "அம்மம்மா, சிவப்பு வந்ததோ?"

"வரேல்லைப் பிள்ளை."

அந்தப் பொய்யைத்தான் அவள் இந்த மேசையில் தேடிக்கொண்டிருந்தாள். "ஒண்டு பழுதாப்போனா, அதுக்குப் பின்னாலை இருக்கிறதுகளுக்குச் சேதி போகாது அம்மம்மா" என்று பதினாறையும் தனித்தனியே சோதித்தாள். நேற்று எல்லாவற்றையும் தள்ளிவைத்தாள். "ஒரு பிழையுமில்லை. எனக்குத்தான் இது சரிவராது. படிப்பை விடப்போறன்."

இன்று காலை சொல்லிவிட்டேன். "சிவப்பு வந்தது பிள்ளை. ஏழு மணிக்குச் சரியாய் வந்தது. நான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

தள்ளிவைத்ததை எல்லாம் இழுத்து, அவள் வளையத்தைத் துண்டு துண்டாகத் திரும்பப் பூட்டத் தொடங்கினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எதைச் செய்தாலும் ஊருக்குக் காட்ட வட்ஸ்அப்பில் புதுப் படம் போடு என்று அவளை அரிக்கிறவள் நான். இன்றைக்குக் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

அழுத்த நீ இல்லை; நாளைக்கு ஏழு மணிக்கு அது சிவக்கும். பூட்டிக் கிடக்கும் உன் வீட்டின் திறப்பு என் முந்தானையில்தான் முடிந்திருக்கிறது. யார் வந்திருந்தாலும் எழும்பி வருவேன். குசினி வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போவேன். பொத்தானைத் தொடமாட்டேன். அது உன் கையெழுத்து.