டர்போவுக்கு ஒரு நிமிஷம்

அத்திம்பேருக்கு,

இந்த மடலில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் நின்று, அதிலுள்ள மீன்களைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீங்களும் நம்ப வேண்டாம். என் அக்காவைக் கைப்பிடித்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பியதில்லை. போன பிறகா புதிதாக நம்பப்போகிறீர்கள்?

ஆனால் ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நான் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். சாதாரணக் கோபமில்லை. இதைக் குழாய் வைத்து இழுத்தால் திருவனந்தபுரம் முழுவதும் ஓணம் முடியும் வரை அடுப்பெரிக்கலாம். இத்தனை வருஷமாக அதை மூடி வைத்திருந்தேன். இன்று காலையில் ஒரு வாசனை வந்து மூடியைத் தூக்கிவிட்டது.

சூடான எஞ்சின் ஆயில் வாசனை. உங்கள் வேஷ்டித் தலைப்பில் நிரந்தரமாகக் குடியிருந்ததே, அக்கா எந்தச் சோப்பைப் போட்டும் காலி செய்ய முடியாத குடித்தனக்காரன், அதே வாசனை. பேப்பரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். உங்கள் பெண் காயத்ரி ஒரு நீல நிறக் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பழைய கார், புதிதாக வாங்கியது. கழக்கூட்டத்து ஆபீசில் ராத்திரி வேலை முடிந்து பைபாஸில் பறந்து வந்திருக்கிறாள். வந்த வேகத்தில் டக்கென்று எஞ்சினை அணைத்தாள்.

"ஏய், ஏய்! ஆஃப் பண்ணாதேடி! டர்போவாக்கும் அது!"

"பண்ணியாச்சு மாமா. காபி இருக்கா?"

விற்றவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். பழைய சொந்தக்காரர் ஒரு டாக்டராம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு ஓட்டினாராம். இந்தக் கேரள ராஜ்யத்தில் விற்பனைக்கு வரும் கார்களெல்லாம் டாக்டர் வைத்திருந்தவைதான். அத்தனை டாக்டர்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தால் சாமிக்கு மூச்சுவிட இடமிருந்திருக்காது.

காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள்: "இதை எப்படி வெச்சுக்கணும் மாமா? அப்பா சொன்னதெல்லாம் உங்க தலையிலேதானே இருக்கு."

பாருங்கள் நியாயத்தை! என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதுவும் என்னைப் போலவே மேடு கண்டால் பெருமூச்சு விடும். எனக்கெதற்கு டர்போ சாஸ்திரம்? தினமும் சாயங்காலம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "டேய், இங்கே வா, இதைப் பார்" என்று என் தலையில் ஊற்றினீர்களே, உங்கள் தலையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

சொன்னேன். வேறென்ன செய்ய? எஞ்சின் கக்குகிற புகையைத் தின்று, வெளிக் காற்றைக் கழுத்தைப் பிடித்து எஞ்சினுக்குள் திணிக்கிற பூதம்தான் டர்போ என்றேன். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் அது கோடி சுற்றுச் சுற்றிவிட்டு, இடையில் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்க் காற்றும் வாங்கிவிட்டு வரும் என்றேன். அந்தப் பூதத்துக்கு ஆகாரமும் ஆயில்தான், மருந்தும் ஆயில்தான். டாக்டர் என்ன ஊற்றினாரோ யார் கண்டது, அதனால் முதல் வேலையாக ஆயிலும் ஃபில்டர்களும் எல்லாவற்றையும் மாற்று. கார் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ஆயில், கடைக்காரன் டிரம்மிலிருந்து ஊற்றித் தருவது இல்லை. புத்தகம் சொல்லும் கெடுவுக்கு முன்னாலேயே மாற்று. காலையில் எஞ்சின் சூடாகும் வரை மிதிக்காதே. மேட்டில் கியரைக் குறைக்காமல் அழவைக்காதே. பின்னால் நீலப் புகை வந்தால் என்னிடம் வராதே, மெக்கானிக்கிடம் ஓடு.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "கடைசியா ஒண்ணு, வேகமா ஓட்டிண்டு வந்தா உடனே ஆஃப் பண்ணப்படாது, ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்ததும் டம்ளரை வைத்துவிட்டாள்.

"அது மட்டும் என்னாலே முடியாது மாமா."

உங்களுக்குப் போனக்காட்டு மலைப் பயணம் ஞாபகமிருக்கிறதா? நீங்கள் அந்தப் பழைய டர்போ டீசலை வாங்கிய புதிது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, முகப்பை மறைத்து அக்கா ஒரு மாலை கட்டினாளே! மாலையா அது? கிழக்கேக்கோட்டைப் பூக்கடைகள் அன்று வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயின. பூஜை மாலையை நாமாகக் கழற்றக் கூடாது, அது தானாக வாடி விழவேண்டும் என்பது அக்காவின் சட்டம். அந்த மாலையோடு மலையேறினோம். விதுரா தாண்டியதும் வண்டி திணறியது. சூட்டு முள் மேலே ஏறியது.

"மூச்சு முட்டறதுடீ. முன்பக்கம்தான் காத்து போகணும். மாலையை எடுத்தாகணும்" என்றீர்கள்.

"எடுத்தா நான் இங்கேயே இறங்கிடுவேன், கேட்டேளா?" என்றாள் அக்கா.

தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பக்கத்தில், ஆளைக் கண்டு மிரளாத ஒரு மிருகத்தின் எதிரே வண்டியை ஓரங்கட்டினீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு கொம்பன் யானை. தும்பிக்கையால் மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்புறம்தான் தின்றது. அது தோட்டத் தொழிலாளி ஒருவரின் பசு என்று அக்கா இன்றுவரை எனக்கு எதிராகப் பிரச்சாரம் செய்கிறாள். "நான் கழட்டலை, கோமாதாவாக்கும் கழட்டினது" என்று நீங்கள் சொன்னதாகவும் சொல்கிறாள். இருக்கட்டும். நான் "போலாமா அத்திம்பேரே?" என்றபோது நீங்கள் ஆள்காட்டி விரலைத் தூக்கினீர்கள். "நில்லுடா. மலை ஏறி வந்திருக்கு. ஒரு நிமிஷம் ஆயில் ஓடி ஆறட்டும்."

அந்த விரலைத்தான் அதன் பிறகு தெருவே பார்த்தது. வீட்டு வாசலில் வண்டி உறுமும், பின்னால் வழி கிடைக்காத ஆட்டோக்காரன் "சாமீ, வண்டி ஒந்நு மாற்றிக்கே!" என்று கத்துவான், ஜன்னலுக்கு வெளியே விரல் எழும்பும். ஆட்டோக்காரன் அடங்குவான். பால்காரர் அடங்குவார். திருவிதாங்கூர் மகாராஜாவே பல்லக்கில் வந்திருந்தாலும் அந்த ஒரு நிமிஷம் பல்லக்கை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் காத்திருப்பார்.

கடைசி நாளிலும் அதுதான் நடந்தது. தம்பானூர் ஆபீசிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், நீங்களே ஓட்டி வந்தீர்கள். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் எதிர்வீட்டு வாசலிலிருந்து வழக்கம்போல, "டர்போவுக்குத் தீபாராதனை ஆச்சா அத்திம்பேரே?" என்று கத்தினேன். விரல் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றது. கதவு திறக்கவில்லை. நான் போய்த் திறந்தபோது ஹாண்ட் பிரேக் போட்டிருந்தது. சாவி உங்கள் கைக்குள் இருந்தது.

அந்த விரலை நான் பார்த்ததை வீட்டில் யாரும் நம்பவில்லை. "பிராணன் போறப்போ யாராவது வண்டியை ஆறவெச்சுண்டு இருப்பாளா? அவர் விஷயத்திலேயும் கதை கட்டாதேடா" என்று அக்கா அழுதாள். யானைக் கதை சொன்ன வாய்க்கு அதுதான் மரியாதை. அடுத்த மாசமே உங்கள் வண்டியையும் விற்றுவிட்டாள்.

இன்று காயத்ரி கேட்டாள்: "மாமா, அன்னிக்கு நீங்க சொன்னது நிஜமா, பொய்யா? நிஜம்னா, அப்பாவை ஆஸ்பத்திரிக்குப் போக விடாத அந்த ஒரு நிமிஷத்தை நான் வெறுக்கணும். பொய்யின்னா உங்களை வெறுக்கணும். ரெண்டிலே ஒண்ணு சொல்லுங்கோ."

இந்தக் கேள்விக்கு என்னை நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்களே, உங்களை என்ன செய்தால் தகும்?

கோபத்தில் நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் காக்காயெல்லாம் நெய்யாற்றின்கரை வரை பறந்து போயின. "வெறுக்கறதுன்னா அவரை வெறுடி! அவர் சொன்ன சட்டம் என்ன? மலை ஏறினா, ஹைவேயிலே பறந்து வந்தா, அப்போதான் ஒரு நிமிஷம். அன்னிக்குத் தம்பானூர்லேருந்து கோட்டை வழியா, அந்தச் சாயங்காலக் கூட்டத்திலே, நத்தை மாதிரி ஊர்ந்து வந்திருக்கார். டர்போ வரும்போதே ஆறி மோராட்டம் இருந்திருக்கும். அவர் சட்டப்படியே அந்த நிமிஷம் தேவையில்லையாக்கும்!"

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ எதுக்கு மாமா நின்னார்?"

வாயைத் திறந்தேன். ஆயிரம் கதைகள் வரிசையில் நின்றன. நீங்கள் பிள்ளையாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அக்காவை எப்படிப் பயமுறுத்தாமல் படியேறுவது என்று யோசித்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்க முடியாததை என்னிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் விரலைத் தூக்கினீர்கள் என்றுகூட. எது சொன்னாலும் அழகாக இருந்திருக்கும்.

"தெரியாதுடி" என்றேன்.

காயத்ரிக்கு முகம் மாறிவிட்டது. "நீங்க 'தெரியாது'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை மாமா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நிஜம்தான்" என்றாள்.

யானையைச் சொன்னபோது நம்பாதவள், கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது நம்பினாள். இது எனக்கு அவமானமில்லையா? ஆயுள் முழுக்கப் பொய்யில் கட்டிய என் கோட்டையை ஒரே வார்த்தையில் இடித்தாயிற்று. இதற்கும் சேர்த்து உங்கள் மேல்தான் கோபம்.

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பைபாஸில் கோபத்தோடு ஓட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது பானட்டின் மேல் காற்று நெளிந்தது. வண்டி அக்கா வீட்டு வாசலில் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. உள்ளே காயத்ரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வெளியே வந்தாள். "ஆஃப் பண்ணுடி! தெருவெல்லாம் புகை!"

எதிர் வாசலில் நின்றிருந்த என் கை, என்னைக் கேட்காமலேயே, எழும்பியது. ஒரே ஒரு விரல். அக்கா அதைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நிமிஷம் ஆகி, காயத்ரி எஞ்சினை அணைக்கும் வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

இனி அவள் வரும்போதெல்லாம் நான் இந்த விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். என் ஸ்கூட்டருக்கு டர்போ கிடையாது, எனக்கும் கிடையாது, இருந்தும் உங்கள் விரலை நான் சுமக்கிறேன். கோபம் தீரவில்லை. தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. போனக்காட்டில் வந்தது பசுதான். வெள்ளைப் பசு, ஒரு கொம்பு உடைந்தது. பூக்கடைகள் கதவைச் சாத்தவில்லை. காக்காய்கள் நெய்யாற்றின்கரைக்குப் போகவில்லை. மகாராஜாவையும் விட்டுவிடுங்கள். இந்த மடலில் எதையும் யாரும் நம்பவேண்டாம். அந்த விரல் மட்டும் நிஜம். நகத்தில் ஆயில் கறையோடு ஜன்னலுக்கு வெளியே வந்தது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.