மடியில் கொண்டுபோன கம்ப்யூட்டர்

5 நவம்பர் 2006, ஞாயிறு

ஹாஸ்டலில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. குளிக்காமலேயே பஸ் ஏறிப் போய் வெங்கட் கடையில் கம்ப்யூட்டரை வாங்கி வந்துவிட்டேன். பிஸ்கட் டின் அளவுதான். மேலே ஒரு கைப்பிடிகூட இருக்கிறது.

வெங்கட் கடைசிவரை தடுத்துப் பார்த்தார். "கேம் ஆடறதுக்குன்னா பெரிய கேபினெட்டா எடுங்க மேடம். இதுல காத்து போக வழியே இல்ல. நாளைக்கு ஒரு பெரிய கார்டு போடணும்னாலும் இடம் பத்தாது." கேம் போட்டிக்கு அவரும் எங்கள் அணிதான். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு இருப்பது ஒரு கட்டில், அலமாரியில் ஒரு தட்டு. பெரிய கேபினெட்டை எங்கே வைப்பது, என் தலையிலா?

அறைத்தோழி மாதேஸ்வரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கெலமங்கலத்துக்காரி, எங்கள் கம்பெனியிலேயே அசெம்பிளி லைனில் இருக்கிறாள். "இன்னா ராஜி, மொத்த கம்ப்யூட்டரும் இதுக்குள்ளயே இருக்குதா?" என்றாள். இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

வார்டன் வெங்கடம்மாவிடம் ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

19 நவம்பர், ஞாயிறு

பிரதாப் வீட்டில் பயிற்சி. பிரதாப் எங்கள் கம்பெனியில் டிசைன் பிரிவு, அணிக்குக் கேப்டன். பிப்ரவரியில் பெங்களூரில் நடக்கும் சுடும் ஆட்டப் போட்டிக்கு மூன்று பேர் சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறோம். அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே கொண்டுவர வேண்டும். மானிட்டர் மட்டும் அவர்கள் தருவார்கள்.

வெங்கட் தன் பெரிய கேபினெட்டைக் கயிறு கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தார். நான் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். அவர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் நான் ஆட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று ரவுண்டு நன்றாகப் போனது. நாலாவதில் திரை இருண்டுவிட்டது. பெட்டியைத் தொட்டால் இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. பிரதாப் வெங்கட்டோடு அடுத்த ரவுண்டை ஆரம்பித்துவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

26 நவம்பர்

இன்றும் நின்றுபோனது. இரண்டு தடவை.

8 டிசம்பர், வெள்ளி

வெங்கட் கடைக்குப் போனேன். வேறு நல்ல பவர் சப்ளை போட முடியுமா என்று கேட்டேன். இந்தப் பெட்டிக்கென்று தனி அளவாம். ஓசூரில் கிடைக்காது, பெங்களூரிலும் விசாரித்துவிட்டார். பெரிய கிராபிக்ஸ் கார்டு நீளத்திலும் நுழையாது, நுழைந்தாலும் இந்தப் பவர் சப்ளை தாங்காது. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

அவர் முதலிலேயே சொன்னதெல்லாம் இதுதான். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதையும் சொல்லவில்லை, மனுஷன்.

21 டிசம்பர், வியாழன்

கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன் — கம்பெனியிலிருந்து வெப்பம் அளக்கும் கருவி, ஒரு நாளைக்கு. அங்கே நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன். மூடி போட்டு இருபது நிமிடம் ஆடினால் உள்ளே எண்பத்தெட்டு டிகிரி. மூடியைக் கழற்றினால் எழுபத்தொன்று. ஆட்டத்தில் படத்தின் தரத்தைக் குறைத்தால் அறுபத்தாறு. எவ்வளவு நேரம் ஆடினாலும் நிற்கவில்லை.

ஆக, வழி இருக்கிறது. மூடியில்லாமல், மங்கலான படத்தோடு ஆட வேண்டும். அழகாக இருக்காது. தூரத்தில் வருகிறவன் புள்ளி மாதிரிதான் தெரிவான்.

ஃபேன் சத்தம் வேறு. வெங்கடம்மா கதவைத் தட்டி, "ஏம்மா, உள்ள மாவு மிஷினா ஓட்றீங்க?" என்றார். மாதேஸ்வரி தெலுங்கில் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினாள்.

17 ஜனவரி 2007

பிரதாப் இப்போதெல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டப்பா வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஏன் சிரிக்கிறேன்?

7 பிப்ரவரி, புதன்

காவிரித் தீர்ப்பு வந்ததிலிருந்து பஸ் எல்லாம் எல்லையில் ஜுஜுவாடி செக்போஸ்ட்டோடு நின்றுவிடுகிறது. திங்கட்கிழமை கர்நாடகப் பக்கம் பந்த் என்கிறார்கள். எங்கள் போட்டி ஞாயிற்றுக்கிழமை. தள்ளிவைக்கவில்லை. வெங்கட் முன்கூட்டியே தன் கம்ப்யூட்டரோடு பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

11 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலை ஆறு மணிக்கு நானும் மாதேஸ்வரியும் ஜுஜுவாடியில் இறங்கி நடந்தோம். பெட்டி என் தோள் பையில். ரோடெல்லாம் ஜனம், மூட்டை, குழந்தைகள். அத்திப்பள்ளிக்கு முன்னால் நாலைந்து பேர் நின்று யார், எங்கே என்று கேட்டார்கள். மாதேஸ்வரி கன்னடத்தில் பேசினாள். பையை ஒருத்தன் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அத்திப்பள்ளியில் அவர்கள் ஊர் பஸ் கிடைத்தது. கால் வலித்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. இந்தப் பெட்டியை வாங்கியது தப்பில்லை என்று நவம்பருக்குப் பிறகு இன்றுதான் நினைத்தேன்.

மண்டபத்தில் வெங்கட் இருந்தார். பிரதாப் ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அவருடைய பெரிய கேபினெட்டோடு எந்த ஆட்டோவும் எல்லை தாண்ட மறுத்துவிட்டதாம். தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியவில்லை; திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டு கம்ப்யூட்டர், மூன்று பேர். இரண்டு பேராக ஆடலாம் என்றார்கள்.

பிரதாப் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ராஜி, நான் ஆடறேன். நீ உக்காந்து பாரு. ஜெயிக்கணும்ல?" என்றார். ஒரு மாதம் கழித்து என் பெயர் அவர் வாயில் வந்தது.

வெங்கட் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதேஸ்வரி மட்டும், "அவ தூக்கினு வந்ததுங்க அது," என்றாள்.

நான் எழுந்து இடம் கொடுத்துவிட்டேன். ஏன்டி கொடுத்தே? யாரு சொன்னா கொடுக்கச் சொல்லி? நடந்து வந்தது நீ. வாய் எங்க போச்சு?

மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னேன். அசிங்கமாக இருக்கிறது என்று மூடியே வைத்தார். படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னேன். "இப்படி வெச்சா ஒண்ணுமே தெரியல" என்று முழுசாக ஏற்றினார். பதினெட்டாவது நிமிடத்தில் — நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் — திரை இருண்டது. அப்போது நாங்கள் முன்னிலையில் இருந்தோம். வெங்கட் தனியாளாக எவ்வளவு நேரம் தாங்குவார்?

"உன் டப்பாவாலதான் போச்சு," என்றார் பிரதாப், எல்லோருக்கும் கேட்கும்படி.

அழவில்லை. அத்திப்பள்ளியிலிருந்து திரும்ப நடந்தோம். பெட்டியை மாதேஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

12 பிப்ரவரி

லீவு போட்டேன். பிரதாப் மேல் கோபம் பாதி. மீதி யார் மேல் என்று எழுதத் தேவையில்லை.

14 மார்ச், புதன்

பிரதாப் புது அணி சேர்த்துவிட்டாராம். கேண்டீனில்தான் தெரிந்தது. வெங்கட்டைக் கூப்பிட்டாராம்; போகவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, "அன்னிக்கி நான் வாயைத் திறந்திருக்கணும் மேடம்" என்றார்.  ஒரு டீ குடித்தோம்.

நான் ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் மாதேஸ்வரி என் பெட்டியில் ஆடிப் பழகியிருக்கிறாள். இன்று உட்காரவைத்துப் பார்த்தேன். லைனில் கடுகளவு ஸ்க்ரூவைப் பொறுக்கிப் போடும் கை. நான் பார்ப்பதற்கு முன்னாலேயே சுட்டுவிடுகிறாள். "சும்மா பொழுது போறதுக்கு ஆடினேன்" என்கிறாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

29 ஏப்ரல், ஞாயிறு

மே மாதப் போட்டிக்குப் படிவம் நிரப்பினோம். மாதேஸ்வரிக்கு வெங்கட் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர். தலைவர் என்ற இடத்தில் வெங்கட் பெயரை எழுதப் போனேன். அவர் பேனாவை வாங்கி என் பெயரை எழுதிவிட்டார்.

20 மே, ஞாயிறு

முதல் ஆட்டம் ஜெயித்தோம். பெட்டியை மூடியில்லாமல் மேஜை மேல் வைத்ததும் பக்கத்து அணிக்காரன் ஒருத்தன் சிரித்தான். பிரதாப்பும் வந்திருந்தார், வேறு மூலையில். "இடம் மாத்திக்கலாமா, என்னோடதுல ஆடு" என்று அவரே வந்து கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். வேண்டாம் என்றேன். முதல் தடவையிலேயே வாயில் வந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டம் நாற்பது நிமிடம் போனது. கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். மங்கலான படத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நின்றதை நான் கவனிக்கவில்லை. மாதேஸ்வரி கத்திச் சொல்லியும் வலது பக்கம் திரும்பாமல் இடது பக்கம் திரும்பினேன்.

தோற்றது நான்தான். பெட்டி கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் மூன்று பேரும் அந்தச் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம், ஓசூர் வரும்வரை.