வாசலில் ஒரு மோட்டாருக்குத்தான் இடம்

ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்கு ஐந்நூறு சிசி மோட்டார் சைக்கிள் எதற்கு? நேற்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பதில் இல்லாமல் பேச எனக்கு வாய்த்த ஒரே ஆள் நீதான்.

நேற்று உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். ஒரு பையிலிருந்து உன் கையுறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் போன பிறகு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தோல் வாடை. அதற்கடியில், மணிக்கட்டு வலிக்கு நீ தேய்த்துக்கொள்ளும் தைலம். நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. தைலம் இன்னும் போகவில்லை.

"தங்கச்சி, அலோர் ஸ்டாருலேருந்து ஒரு ஆளு வராரு. வெள்ளிக்கிழம தொழுக முடிஞ்சு மூணு மணிக்கு. அவ வண்டி அவருக்குப் புடிச்சுப் போச்சு. நீங்க எடுத்துக்கிறதா இருந்தா இப்பவே வராதீங்கன்னு சொல்லிருவேன். இது உங்களுக்குத்தான்னு அவ சொல்லிட்டுத்தான் போனா."

சொன்னாயா? எனக்குச் சந்தேகம். செத்தவர்களின் ஆசை என்று யார் சொன்னாலும் இருப்பவர்களின் ஆசைதான் என் காதில் விழும். உன் வண்டி தினமும் கண்முன் நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. முன்பின் தெரியாதவன் ஓட்டிக்கொண்டு போவதும் தாங்காது. அதனால் என்னிடம் வந்தார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கையுறைகளை எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை.

என் சின்ன மோட்டாரை, அந்தக் கப்சாயை, உனக்குத் தெரியும். நூற்றுப்பத்து சிசி, முன்னால் கூடை. 'வீட்டு மாடு' என்று அதற்கு நீ பெயர் வைத்தாய். "யாரு வேணும்னாலும் அவுத்துக்கிட்டுப் போறாங்கடி. உன்னக் கேக்கிற பழக்கமே இல்ல." சாவி இப்போதும் கதவோர ஆணியில்தான் தொங்குகிறது. தம்பி ரொட்டி வாங்க எடுப்பான். பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் வாங்க எடுப்பார். காலையில் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலைக்குக் கிளம்பினால் டாங்கில் எண்ணெய் இருக்காது. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதற்கும் நீதான் திட்டுவாய்.

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. அம்மாதான் பெரிது. அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. கதவைச் சாத்தினாலே குமட்டும். அப்பா இருந்த காலத்தில் பட்டர்வொர்த் போகும் வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்தியது எங்கள் வீட்டில் புராணம் மாதிரி. அப்பா போன பிறகு கிளினிக், பசார், வெள்ளிக்கிழமைக் கோயில், எல்லாமே என் பின்னால்தான். ஒருபக்கமாக உட்கார்ந்து, கொசுவத்தைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, வலது கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இருபது வருடமாகிறது. தனியாகப் போகும்போதும் அந்தக் கை இருப்பது போலத்தான் வளைவுகளில் திரும்புகிறேன்.

உன் வண்டியின் பின்சீட்டு அம்மாவின் மார்பளவு உயரம். ஒருபக்கமாக உட்காரவே முடியாது. எங்கள் வாசலில் தம்பியின் கார் போக ஒரு மோட்டாருக்குத்தான் இடம். உன்னுடையது வந்தால் கப்சாய் போக வேண்டும். கப்சாய் போனால் அம்மா வீட்டோடு. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. யோசிக்க ஒன்றும் இல்லாததுதான் மூச்சை முட்டுகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். தம்பி வாயில் சோற்றோடு சிரித்தான்.

"இந்த வயசுல மாட் ரெம்பிட்டா அக்கா?" தெருவில் ரேஸ் விடும் பையன்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். "அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும்லா."

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"பி ஃபுல். எடுத்து நாலு வருஷமாச்சு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார். "அப்ப நான் எங்க உக்காருறது?"

தம்பி கருவாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

அந்த லைசென்ஸை இத்தனை நாள் வீட்டில் மறைத்ததற்குக் காரணம் இல்லை. தண்டிக்கப்படுகிற குற்றமும் இல்லை. அது என்னுடையது மட்டுமாக இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். 'இருநூத்தம்பது சிசியோட நின்னுற முடியாது' என்றாய். பரீட்சைத் திடலில் அந்த ஒடுக்கமான மேடை ஞாபகம் இருக்கிறதா? அதில் சக்கரம் இறங்காமல், வண்டியை நிறுத்தாமல், மெல்ல ஊர்ந்து போக வேண்டும். நீ ஒரே மூச்சில் பாய்ந்து அந்தப் பக்கம் இறங்கி, என்னைப் பார்த்துக் கையை வேறு தூக்கிக் காட்டினாய். அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டு, "அக்கா, இது ரேஸ் திடல் இல்லை" என்று மலாயில் சொன்னார்.

தோட்டத்தில் பிறந்தவள் வேறு எப்படிப் போவாய்? உங்கள் லயத்து வீட்டிலிருந்து ரப்பர் காட்டுக்குப் போகும் வழியில் கால்வாய்மேல் ஒற்றைப் பலகை. சைக்கிளில் வேகமாகப் போனால்தான் அந்தக் கரை சேரலாம். "பலகையில யோசிச்சா கால்வாயில கெடப்படி" என்பாய். நான் சுங்கை பட்டாணியில் மளிகைக் கடைக்குப் பின்னால் வளர்ந்தவள். பயந்து பயந்து ஊர்ந்தேன், அதனாலேயே பாஸானேன். திரும்பும் வழியெல்லாம் நீ புலம்பினாய். "பயந்தவ பாஸு, தெரிஞ்சவ ஃபெயிலு. இது என்னா சட்டம்லா!" இரண்டாவது தடவைதான் உனக்குக் கிடைத்தது. வண்டி வாங்கியவள் நீ. எனக்கு லைசென்ஸ் மட்டும்.

வாங்கிய மாதம் என்னைப் பின்னால் வைத்துத் தஞ்சோங் டாவாய்க்கு ஓட்டிப் போனாய். ஆற்று முகத்தில், மீன் காயவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திச் சாவியை நீட்டினாய்.

"இப்ப நீ ஓட்டு."

"வேணாம். அம்மாவக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும், நேரமாச்சு."

நீ சாவியை நீட்டியபடியே நின்றாய். "நீ உங்கம்மாவத் தூக்கிக்கிட்டுத் திரியிறியா, இல்ல அவங்களச் சாக்கா வச்சிருக்கியா?"

மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. படித்தவள், பக்குவமானவள் என்று பெயரெடுத்த நான், சின்னப் பிள்ளை மாதிரி உன் அழைப்புகளை எடுக்காமல் இருந்தேன். நான்காவது வாரம் நீயே வாசலுக்கு வந்தாய், கையில் ஸ்கேன் உறையோடு. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நீ கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. நீ கேட்டது தப்பு என்று நிரூபிக்க எனக்குக் கடைசிவரை நேரம் இருந்தது. நான் நிரூபிக்கவில்லை.

நாளை மூன்று மணி. உன் வீட்டுக்கார அண்ணனுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அம்மா கூடத்தில் நாளைக்குக் கட்டும் சேலையை நீவி மடித்துக்கொண்டிருக்கிறார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டினால் எனக்குச் சுலபமாக இருக்கும். திட்டமாட்டார். அது நான் அவரிடமிருந்து கற்றதுதான்.

வெள்ளிக்கிழமை நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

ஒரு மணிக்குக் கப்சாயில் பாடாங் செராய்க்கு, உன் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று நேரில் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் சீட்டுக்கடியில் இருந்த மழைக்கோட்டையும் கூடையில் இருந்த அம்மாவின் ஹெல்மெட்டையும் காலையிலேயே எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். அண்ணன் உன் வண்டியின் உறையை விலக்கினார். கப்சாயில் கையால் பிடிக்கிற கிளட்ச் கிடையாதே, கை மறந்துபோயிருந்தது. இரண்டு தடவை அணைந்தது. "மெதுவா தங்கச்சி. அவளும் மொத நாளு இப்புடித்தான் பக்கத்து வீட்டு வேலிய இடிச்சா." மூன்றாவது தடவை நகர்ந்தது. கப்சாயை அங்கேயே விட்டேன். மாலை கோயில் இருப்பது தெரிந்தேதான் விட்டேன்.

பழைய சாலையில் வந்தேன். ஒரு மரலாரி என்னை முந்திப் போனது. உன் வண்டி ஆடவே இல்லை. லாரி வரும்போதெல்லாம் நான் தோளை இறுக்கிக்கொள்வேன் என்பது, இறுக்க வேண்டியிருக்காத அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஆறு மணிக்கு அம்மா சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். உன் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். பின்சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொண்டு வந்து, தம்பி காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"டேய், மெதுவாப் போ. ஜன்னலத் தொறந்து வையி."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். முதலில் தம்பியைத்தான் கேட்டேன்.

"எத்தன எடத்துல நிறுத்துன?"

"எங்கயும் நிறுத்தலக்கா. பேசிக்கிட்டே வந்தாங்க."

அம்மா என்னைப் பார்க்காமல் உள்ளே போய், அந்தப் பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். அது நிறையக் கோயில் சுண்டல்.

"ஆறிப் போறதுக்குள்ள சாப்புடு" என்றார்.

ஆறிவிட்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.