சுவிட்சில் தொங்கிய அட்டை

என் மகராசிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இந்த முறை யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை; இது முழுக்க என் கையெழுத்து!

இங்கே இரவுப் பள்ளியில் ஆங்கிலமும் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தில் பொருளுக்கு மட்டுமல்ல, செய்கிற வேலைக்கும் பெயருண்டாம். அதுவும் வாக்கியத்தின் முன்னால் எசமான் மாதிரி நிற்குமாம். நேற்று எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில், மாவு பிசையும் பெரிய தொட்டியின் சுவிட்சில், ‘கிளீனிங் நடக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை தொங்கியது. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த அதே நொடியில், போனில் பேசியபடியே மெக்கானிக் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். பாய்ந்து பிடித்தேன்.

“பெருசு, கையை விடுய்யா!”

“உள்ள ஆள் இருக்குடா!”

தொட்டிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. “என்னய்யா சத்தம்?”

மெக்கானிக் போனைப் பையில் போட்டுவிட்டு அட்டையைப் படித்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இதைக் கேட்டு நீ திட்டுவாய். உனக்குப் படித்துக் காட்டும் மகள், நீ திட்டுவதையெல்லாம் விட்டுவிட்டுப் பதில் எழுதுவாள். ஒன்று விடாமல் எழுதச் சொல். வகுப்பு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்