பீர் டப்பா அடுப்பு

ஆகஸ்ட் 9, சனி

செங்கல் என்கிற ஊரில் ஒரு வீட்டுக்கு இரட்டைக் கதவு கேட் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைத் தள்ளிப் பார்த்து, "கொள்ளாம், நல்ல கனம் உண்டு" என்றார். எங்கள் தொழிலில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கேட்டை நாங்கள் கிலோக் கணக்கில்தான் விற்கிறோம். கனம் இருந்தால்தான் ஆளுக்கு நம்பிக்கை வரும்.

சாப்பிடும்போது மகள் ரெஷ்மா போனை நீட்டினாள். வெள்ளைக்காரன் ஒருவன் காலி டப்பாக்களின் அடிப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி, விளிம்பில் ஊசியால் துளை போட்டு, ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைக்கிறான். சுற்றிலும் நீலமாய் எரிகிறது. அதில் காப்பி போட்டுக் குடிக்கிறான்.

"இதொண்ணு செய்து தாருங்க அப்பா. அடுப்பு, பாத்திரம், காத்து மறைக்கிய தகடு எல்லாம் சேந்து கால் கிலோவுக்குத் தாழ நிக்கணும்."

"என்னத்துக்கு மக்கா? வீட்டில கேஸ் தீந்துபோச்சா?"

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அக்டோபரில் லீவு எடுத்து உத்தரகாண்டில் ஒரு மலைப்பாதையில் நடக்கப் போகிறாளாம். தனியாக. கூடாரமும் சாப்பாட்டுச் சாமானும் முதுகில். திருவனந்தபுரத்தில் நர்ஸ் வேலை. வார்டில் நடக்கிற நடை போதாதா இவளுக்கு? அதோடு நிற்கவும் இல்லை. பெண் கேட்டிருக்கிற மார்த்தாண்டத்து மாப்பிள்ளைக்குப் பதில் மலை இறங்கி வந்த பிறகுதான் சொல்வாளாம்.

என் மனைவி ஷைலஜா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போனில் எரிகிற அடுப்பைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, சொந்த வீடு. "பேசிப் பார்த்தேன், குறை ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்கிறாள். குறை இல்லை என்றால் சரி என்றுதானே அர்த்தம்? இல்லையா? மலைக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? நான் என் வாழ்க்கையின் முடிவுகளை எல்லாம் கக்கூஸில் உட்கார்ந்து எடுத்தவன். எனக்கு எங்கே விளங்கும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடைகளில் கோலா எல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் இருக்கிறது. டப்பா வேண்டுமென்றால் கால்வாய்க் கரைக்குப் போக வேண்டும். அங்கே பீர் டப்பா வேண்டிய மட்டும் கிடக்கும்.

ஆராதனை முடிந்து நேரே போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். நசுங்காத டப்பாவாகப் பார்த்து நாலு எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரே எங்கள் ஊர் மோகனன், பைக்கில்.

"எலே ஜெயதாஸே, காலியா இருக்கியதைப் பெறக்கி என்ன செய்ய? நெறஞ்சது வேணுமெங்கி பறயணும் கேட்டோ!"

சபைக் கமிட்டியில் மதுவிலக்குக் காரியம் என் பொறுப்பு. சொல்லிப் புரியவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். "எனக்க மவளுக்கு வேண்டியாக்கும்" என்று வந்துவிட்டது. மோகனன் பைக்கை ஆஃப் செய்தே விட்டான்.

ஆகஸ்ட் 13, புதன்

பட்டறையில் அடுப்பு முடிந்தது. பீர் டப்பாவை விரலால் அழுத்தினாலே குழிகிறது. ஒரு பிள்ளையின் சோற்றுப் பாத்திரத்தை நம்பி அதன்மேல் வைப்பதா? அடியில் ஒரு இரும்புத் தகடு, பாத்திரம் உட்கார கம்பியில் முக்காலி, தூக்குவதற்குக் கைப்பிடி, எல்லாம் வெல்டிங். மேலே ஒரு கோட்டிங் பெயின்ட். ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை.

ரெஷ்மா சமையல்கட்டுத் தராசில் வைத்தாள். அடுப்பு மட்டும் ஒன்றேகால் கிலோ.

"அப்பா, இது மலைக்கு. நம்ம கேட்டு இல்ல."

"கனம் இல்லாட்டா காத்து தூக்கிட்டுப் போவும் மக்கா."

"நான் தூக்கணும்லா?"

பல் தேய்க்கிற பிரஷ்ஷின் பிடியைப் பாதி ஒடித்துவிட்டிருக்கிறாள், எடை குறைக்கவாம். நல்ல பிரஷ். இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

ஆகஸ்ட் 14, வியாழன்

பெயின்ட் அடித்த அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தேன். வீடெல்லாம் நாற்றம். ஷைலஜா ஜன்னல்களைத் திறந்தாள், வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஸ்பிரிட். இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கத்தில் அந்தச் சொல்லை ஒருவனும் சத்தமாகச் சொல்வதில்லை. செக்போஸ்டில் லாரி பிடித்தார்கள், தேங்காய்க்கு அடியில் கன்னாசு, பிளாஸ்டிக் கேன் நிறைய ஸ்பிரிட், இருந்தது என்று வருஷத்துக்கு ஒரு கதையாவது வரும். பெயின்ட் கடையில் மெல்லக் கேட்டேன். தெரிந்த பையன்தான். "மாமா, அதுக்கு லைசென்ஸ் வேணும்" என்றான். அந்தப் பார்வையில் நான் எங்கேயோ ரப்பர் தோட்டத்தில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுகிறவன்.

பிறகு மருந்துக்கடை. காயத்துக்குத் தடவுகிற ஸ்பிரிட் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது. ஒரே கடையில் வாங்கினால் சந்தேகப்படுவார்கள் என்று பாறசாலையில் இரண்டு கடை, பனச்சமூட்டில் இரண்டு கடை என்று பிரித்து வாங்கினேன். என் புத்தி! திரும்பும்போது பஸ்ஸில் பிரேக் போட, மடியில் இருந்த பை சாய்ந்து ஒரு பாட்டில் ஒழுகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். எங்கள் சபைக்காரி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்யாணத் தரகர் யோசுவா போன் செய்தார். ஷைலஜாதான் எடுத்தாள். "மார்த்தாண்டத்துல ஒரு பேச்சு அடிபடுது. பெண்ணுக்க அப்பா குடிப்பாரா?"

எல்லையைத் தாண்டி இந்தச் சேதி இத்தனை வேகமாக எப்படிப் போயிற்று? நாங்கள் அனுப்புகிற கேட் போய்ச் சேர மூன்று நாள் ஆகிறது.

ஷைலஜா அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். "அவளுக்கிட்ட போவக் கூடாதுன்னு நீங்க ஒரு வாக்கு சொல்லுங்க. இல்லெங்கி, போனா டெல்லியில நர்ஸுமாருக்கு ட்ரெயினிங்னு நான் ஊருக்குச் சொல்லுவேன். ரெண்டில ஒண்ணு."

சரி என்று தலையாட்டினேன். எதற்குச் சரி? எனக்கே தெரியவில்லை. குடிக்காதவன் குடிகாரன் ஆகிவிட்டேன், போகாதவள் டெல்லிக்குப் போகப் போகிறாள்.

ஆகஸ்ட் 27, புதன்

இது நாலாவது அடுப்பு. இரும்பு இல்லை, பெயின்ட் இல்லை, தண்ணீர் கொதிக்கிறது. இருந்தும் ரெஷ்மாவிடம் "துளை சரியில்லை" என்று சொல்லிப் பிய்த்துப் போட்டேன். துளை சரியாகத்தான் இருந்தது.

அடுப்பு முடியாமல் இருந்தால் பிள்ளை போகமாட்டாள் — இப்படி ஒரு நினைப்பு எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது? சவத்து மனசு.

செப்டம்பர் 6, சனி

திருவோணத்துக்கு மறுநாள். லீவு. ஐந்தாவது அடுப்பைப் பழகிப் பார்க்க ரெஷ்மா முழு மூட்டையோடு குருசுமலை ஏறினாள். நான் துணை. துணைக்கு ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில். பாதையோரச் சிலுவைகளில் மூன்றாவதிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலே போய், மூட்டையை வைத்துவிட்டு, இறங்கி வந்து என்னைக் கூட்டிப் போனாள்.

உச்சியில் மொட்டைப் பாறை, நல்ல வெயில். அவள் சைக்கிள் கம்பி முக்காலியை நிறுத்தி, தகட்டைச் சுற்றி வைத்து, ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்தாள். தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். நான் குனிந்து பார்த்தேன். தீ இல்லை. அணைந்துவிட்டது, பாவம் பிள்ளை, என்று பாட்டிலைத் திறந்து ஊற்றினேன்.

தீ இருந்திருக்கிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குப்பென்று முகத்துக்கு வந்தது.

பிறகு நடந்தது எல்லாம் ஒரு மூச்சில். பாட்டிலைத் தட்டிவிட்டாள். பாத்திரத்தை அடுப்பின் மேல் கவிழ்த்தாள். ஈரத்துண்டு என் முகத்தில்.

"கண்ணத் திறங்க. திறங்க அப்பா. இது எத்தன விரல்?"

"ரெண்டு."

"மீசையைத் தொடாண்டாம். கையை நீட்டுங்க. வேற எங்க எரியுது?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாது. வீட்டில் அந்தக் குரலை அவள் எடுத்ததே இல்லை. பாறையில் சிந்தி எரிந்ததையும் ஈரச்சாக்குப் போட்டு அணைத்துவிட்டு — ஈரச்சாக்கு! அதையும் முன்கூட்டியே நனைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் — எல்லாம் ஆறிய பிறகு மறுபடி பற்ற வைத்துக் கட்டன் சாயா போட்டாள்.

"வெயில்ல தீ தெரியாதுன்னு நான் சொன்னேன்லா?"

"சொன்னே மக்கா. காதுல விழுந்துது. நம்பல்ல."

சிரித்தாள். இறங்கும்போது என் குடையையும் அவளே வாங்கிக்கொண்டாள். நான் துணைக்குப் போனேனா, இல்லை அவள் எனக்குத் துணையா? வலது மீசை பாதி போய்விட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இடது மீசையையும் எடுத்துவிட்டு ஆராதனைக்குப் போனேன். குருவானவர் என்னைப் புது விசுவாசி என்று நினைத்துக் கைகொடுத்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பாவே போன் செய்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தன்மையான மனிதர். ஷைலஜா பக்கத்தில் நின்று "ட்ரெயினிங், ட்ரெயினிங்" என்று வாயசைத்தாள்.

"தெற்றா நெனைக்காண்டாம் ஜெயதாஸே. பீர் டப்பா பெறக்கினது உள்ளதா?"

"உள்ளது சார்."

"ஸ்பிரிட் வாங்கினது?"

"அதும் உள்ளது."

டெல்லி என்ற சொல் தொண்டை வரை வந்தது. வந்ததைச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. ஆனால் வாயிலிருந்து வேறு வந்துவிட்டது. "எனக்க மவ அக்டோபர்ல இமயமலையில நடக்கப் போறா சார். ஒத்தைக்காக்கும். அவளுக்கு நான் அடுப்பு செய்யுதேன்." பிறகு நிறுத்த முடியவில்லை. துளை, தகடு, எடை, மீசை, எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குடியெங்கி நாங்க எங்ஙனயாவது சமாளிச்சிருப்போம். எனக்க தம்பிக்கும் உண்டு. இது அப்பிடி இல்லலா? பொம்பளப் பிள்ள ஒத்தைக்கு மலையில கூடாரம் கெட்டி உறங்குதுன்னு சொன்னா, ஆளுக்காருக்கிட்ட நாங்க என்ன பதில் சொல்ல?"

வணக்கம் சொல்லி வைத்துவிட்டார். மதுவிலக்குக்காக இத்தனை வருஷம் ஜெபித்தவன் நான். குடித்திருந்தால் சம்பந்தம் நிலைத்திருக்கும்! இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஷைலஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் செய்து மாட்டிய கதவு. நல்ல கனம்.

செப்டம்பர் 15, திங்கள்

ரெஷ்மா ட்யூட்டி முடிந்து வந்தாள். "உனக்க காரியத்தை நான் நாசமாக்கிட்டேன் மக்கா. பதில் நீ சொல்ல வேண்டியது. என் வாயால முடிஞ்சு போச்சு" என்றேன்.

"அவருக்கிட்ட என்ன சொன்னீங்க? அதே மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். அடுப்பு வரை.

அவள் பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பம் மலையில யோசிக்க ஒண்ணும் மிச்சமில்ல" என்றாள். "சும்மா நடக்கலாம்."

அது சந்தோஷமா, சங்கடமா? முகத்தைப் பார்த்தேன். முகம் கழுவப் போய்விட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆறாவது அடுப்பு. அடுப்பு, முக்காலி, தகடு, மூடியோடு அலுமினியப் பாத்திரம், எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பத்து கிராம். தராசு கெட்டுப்போயிருக்கும் என்று ஒரு கால்கிலோப் பயறுப் பாக்கெட்டை வைத்துச் சோதித்தேன். தராசு சரிதான். கையில் வைத்தால் ஒன்றுமே செய்யாதது மாதிரி இருக்கிறது. துளை சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ரிஷிகேஷ் வண்டியில் ஏற்றிவிட்டோம். ரயிலில் ஸ்பிரிட் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே வாங்கிக்கொள்வாளாம். அங்கே கேட்டால் ஒருவனும் விசித்திரமாகப் பார்க்க மாட்டானாம். என்ன ஊரோ.

ஷைலஜா பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தாள். பிறகு எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "டெல்லியில ட்ரெயினிங்" என்றாள். நான் வண்டி போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

போன் இல்லை. மேலே சிக்னல் கிடையாது என்று சொல்லித்தான் போனாள். சொன்னாள், காதில் விழுந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றும் இல்லை. ஒரு கிரில்லைத் தலைகீழாக வெல்டிங் செய்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

மத்தியானம் போன் அடித்தது. நான் பட்டறையிலிருந்து ஓடினேன், ஷைலஜா அடுக்களையிலிருந்து ஓடினாள். அவள்தான் முந்தினாள். ரெஷ்மா இல்லை. தரகர் யோசுவா. நெய்யாற்றின்கரையில் ஒரு நல்ல குடும்பம், பிள்ளையை அடுத்த ஞாயிறு பார்க்க வரலாமா என்று கேட்கிறார். அவர் குரல் எனக்கும் கேட்கிற அளவு சத்தமாக இருந்தது.

ஷைலஜா மீன்செதில் ஒட்டிய கையால் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பிள்ள இஞ்ச இல்ல அண்ணா. இமயமலையில நடக்கப் போயிருக்கா." நிறுத்தினாள். "ட்ரெயினிங்கா? அப்பிடி ஆரு சொன்னது? ... ஓ, ஒத்தைக்குத்தான். ... இல்ல, பேடி, பயம் ஒண்ணும் இல்ல அவளுக்கு. அந்தக் குடும்பத்துக்கிட்ட இதை முதல்லயே சொல்லிருங்க. கேட்ட பிறவு வரணும்னு தோணிச்சிதெங்கி வரட்டும். தேதி அவ வந்து சொல்லுவா."

போனை வைத்தாள்.

"எதுக்கு வாயைப் பொளந்துட்டு நிக்கிதிய? பட்டறையில சோலி ஒண்ணும் இல்லியா?"

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், "இமயமலைன்னு நான் சொல்லவே இல்ல" என்று சொல்லிவிடுவாள். அடுக்களைக்குப் போனவள் பாதியில் திரும்பி, "அங்க இப்பம் நல்ல குளிரா இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.