குளத்தங்கரை வளைவில் கேட்காத சத்தம்

மக்கா,

கையில் ஒட்டிய கிரீஸ் போக மாட்டேன் என்கிறது. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சைத் தோல், என் வீட்டுக்காரி, அதான் உன் மைனி, பாத்திரம் தேய்க்கிற சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. அரபிக்கடலை ஒரு வாளியில் மொண்டு தந்தாலும் கடல்தான் கறுக்குமே தவிர என் விரல் வெளுக்காது. கிரீஸ் வாடைக்குள்ளே மீன்தண்ணி வாடை வேறு. உன் மைனி என்னை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. சோற்றுத்தட்டை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாடை போகும்வரை சும்மா இருப்பானேன் என்று உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. உன் பிக்கப் வண்டியை இப்போது உன் மகள் ஜெர்லின் ஓட்டுகிறாள். விடியும்போது கடியப்பட்டணத்தில் மீன் ஏற்றி, இராஜாக்கமங்கலம் வழியாக நாகர்கோவில் சந்தைக்குப் போகிறாள். வழியில் என்னையும் என் மட்டிவாழைக் குலைகளையும் ஏற்றிக்கொள்கிறாள். மீன்பெட்டிகளின்மேல்தான் குலைகளுக்கு இடம், உன் காலத்தில் இருந்ததுபோலவே. உலகத்தில் மீன் மணக்கிற மட்டிப்பழம் விற்கும் ஒரே வியாபாரி என்ற என் கீர்த்திக்கு இன்னும் குறைவு வரவில்லை.

அந்த வண்டியின் சத்தத்தை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு ‘டொக்’. முனகலானால் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் குறைந்திருக்கிறது என்பாய். டொக் என்றால் சக்கரத்தை இழுத்துத் திருப்புகிற கம்பியின் நுனியில் இருக்கும் மூட்டு, டைராடு எண்டு, தேய்ந்துவிட்டது என்பாய். மீன்பெட்டியின் உப்புத்தண்ணி சொட்டிச் சொட்டி அந்த மூட்டின் ரப்பர் உறையைத் தின்றுவிடும். நீ புதிது மாட்டுவாய். கொஞ்ச காலத்தில் அதுவும் டொக் என்னும். உன் வண்டி வளைவில் திரும்பினால் தூரத்து இனயம் கடற்கரையில் வலை பொத்துகிறவன் கையிலிருந்து ஊசி நழுவும். நடுக்கடலில் போகிற கப்பல், கரை இடிந்துவிட்டது என்று நினைத்துத் திசை மாறும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதுதான் மீன்வண்டியின் ஹாரன். டொக் கேட்டதும் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

சத்தம் கூடினால் கோயில் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவருவாய். ரேடியோவை நிறுத்துவாய். பந்து விளையாடுகிறவர்களை ஓரமாகப் போகச் சொல்வாய். அங்கே மேய்கிற ஆட்டைக்கூட விரட்டிவிட்டுத்தான் காது கொடுப்பாய். பிறகு நீ அடியில், நான் ஸ்டீயரிங்கில். நான் இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட, நீ ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வருவாய். ஒருத்தன் தனியாகச் செய்ய முடியாத வேலை. நான் ஏழு கடலையும் தாண்டுகிற மாலுமி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சுழற்றுவேன். அடியிலிருந்து உன் குரல் வரும். “லேய், மெதுவா ஆட்டுலே, என் கை கெடக்கு.”

இன்னொன்றும் சொல்வாய். “சத்தம் வந்தா எங்கன்னு தேடலாம் மக்கா. வந்த சத்தம் தானா நின்னா எங்க போய்த் தேட?”

இன்று விடியற்காலம் சந்திப்பில் குலைகளை ஏற்றிவிட்டு ஜெர்லின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வானம் பொத்துக்கொள்ளத் தயாராகக் கறுத்துக் கிடந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பியது. ஒன்றும் கேட்கவில்லை. முனகல் இல்லை, டொக் இல்லை. எங்கள் தெருவில் ஒருத்தி சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டு நின்றாள். வண்டி அவளைக் கடந்து போனது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு திடுக்கிட்டுத் திரும்பி, வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தாள். பேய் வண்டியைப் பார்த்தவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

சத்தம் எங்கே போயிற்று என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சரியாக்கித் தந்ததாகவும், இப்போது வெண்ணெய் மாதிரி போகிறதென்றும் ஜெர்லின் பெருமையாகச் சொன்னாள். சித்தப்பா என்றால் உன் தம்பி. வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அவனுக்குத் தெரிந்தது வள்ளம், வலை, இன்ஜின். உப்புக்காற்றில் எது கிரீச்சிட்டாலும் அவனிடம் ஒரே மருந்துதான். ஒரு டப்பா கிரீஸ். அவன் பல்வலிக்கும் அதைத்தான் தடவியிருப்பான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கண் மூடவில்லை. நேரான ரோட்டில் வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங்கின் நடுக்கம்பி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவள் கை திருப்புவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு சின்ன யோசனை இருக்கிறது. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனிடம் வீட்டுக்கு வழி கேட்டால், பதில் சொல்வதற்குமுன் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்ப்பானே, அந்த யோசனை. ஜெர்லின் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்த தள்ளாட்டம். அவள் கை அதற்குப் பழகிவிட்டது.

முன்னால் குளத்தங்கரை வளைவு. உனக்குத் தெரியும். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் தடுப்புச்சுவர் இல்லாத குளம். இந்த மழையில் தண்ணீர் ரோட்டை நக்கிக்கொண்டு நிற்கிறது. அல்லி இலைகள் எல்லாம் முங்கிப்போய்விட்டன. அவ்வளவு தண்ணீரும் அசையாமல், எதையோ எதிர்பார்க்கிற மாதிரி கிடந்தது.

அப்போது எனக்கு உன் இருமல் ஞாபகம் வந்தது. மாதக்கணக்கில் இருமினாய். தெருவே உன் இருமலை வைத்து மணி பார்த்தது. ஒரு காலையில் அது நின்றது. வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. உன் வீட்டுக்காரி பாயசம் வைத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன். நீ மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாய். என்ன மக்கா என்று குனிந்தேன்.

“நின்னுட்டு மக்கா,” என்றாய். “அதுதான் எனக்குப் பேடி.”

நீ பயந்தபடியே, அந்த வாரம் முடிவதற்குள் உன்னைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

வண்டியை நிறுத்து என்று சொன்னால் ஜெர்லின் நிறுத்துவாளா? உன் மகள் அல்லவா, காரணம் கேட்பாள். காரணம் சொல்லி முடிப்பதற்குள் வளைவு வந்துவிடும். ஆகவே பூமியில் இதுவரை எந்த மனிதனுக்கும் வராத ஒரு வயிற்றுவலியை வரவழைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்து முன்கண்ணாடியில் போய் முட்டினேன்.

“வண்டிக்குள்ள வெளிக்கு இருந்துராதீங்க மாமா,” என்று அலறாத குறையாகச் சொல்லி, வளைவுக்கு முன்னால் தோப்போரமாக ஒதுக்கி நிறுத்தினாள். நான் இறங்கித் தோப்புக்குள் போகவில்லை. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை ரோட்டில் விரித்து, வண்டிக்கு முன்னால் படுத்து, இடது சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். அவள் ஓடிவந்து, வயிறா நெஞ்சா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை, உன் வண்டிக்குத்தான் என்றேன்.

அடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். அந்த மூட்டின் கிழிந்த உறைமேல் கிரீஸை உருண்டை உருண்டையாக அப்பி, சைக்கிள் டியூப் ரப்பரால் சுற்றி, அதன்மேல் வலை நூலால் கட்டியிருந்தான் உன் தம்பி. என்ன கட்டு மக்கா! நெருக்கி நெருக்கி, ஒரு இழை பிசகாமல், துடுப்புக் காம்பில் போடுகிற கட்டு. கடல் வந்து பிடித்து இழுத்தாலும் அவிழாது. இந்த அழகான கட்டுக்குள்ளேதான் சத்தம் அடைபட்டுக் கிடக்கிறது என்று எனக்குப் பட்டது.

சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். ஏறி, இன்ஜினைப் போட்டு, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. மீன்பெட்டியின் ஐஸ் தண்ணீர் என் காதுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து, திருப்தியா மாமா, மீனெல்லாம் வெந்துபோகும்போலிருக்கு என்று பரிகாசம் வந்தது. மீன் நறுக்கும் கத்தியைக் கீழே தரச்சொல்லிக் கட்டை அறுத்தேன். அறுப்பதற்கே தெம்பு போய்விட்டது. மறுபடி ஆட்டச் சொன்னேன்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி, உள்ளங்கையில் தட்டியது.

வெளியே வந்து சொன்னேன். ஜெர்லின் நம்பவில்லை. கதை விடுகிறதில் எனக்கு இருக்கிற பேர் அப்படி. நானே பார்க்கிறேன் என்று சுடிதார் ஷாலை இடுப்பில் கட்டிக்கொண்டு என் தோர்த்திலேயே படுத்துவிட்டாள். நான் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். என் பழைய இடம். கண்ணாடிக்கு முன்னால் ரோடும் குளமும் மட்டும். அடியில் ஒரு ஆள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, நம்பித்தான் ஆட்ட வேண்டும். இந்தத் தடவை மாலுமி வேஷம் எதுவும் போடவில்லை. ஒரு விரல் அளவுக்கு இடம், ஒரு விரல் அளவுக்கு வலம்.

‘டொக்.’

ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. இடது சக்கரம், சுளுக்கிய பாதம் மாதிரி, தன்போக்கில் வெளிப்பக்கம் திரும்பியது. இன்ஜினை நிறுத்தினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. குளத்துத் தண்ணீர் கரையில் தட்டுகிற சத்தம். ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

“இருக்கேன் மாமா,” என்றது அடியிலிருந்து. “கழண்டு கையில வந்துட்டு.”

வெளியே வந்து ரோட்டிலேயே உட்கார்ந்தாள். முகம் பூராவும் கிரீஸ். வளைவைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பற்கள் தந்தியடித்தன. விடியக்காலக் குளிர் என்று நானும் நினைத்துக்கொண்ட மாதிரி நடித்தேன்.

பின்னால் வந்த ஒரு வண்டியில் மீனையும் குலைகளையும் மாற்றி அனுப்பினோம். அவள் உன் தம்பிக்குப் போன் செய்தாள். பைக்கில் வந்தவன் தொங்கிக் கிடந்த கம்பியைப் பார்த்தான். நான் அறுத்துப் போட்ட வலை நூலைப் பொறுக்கி எடுத்தான். அவனைத் திட்டுவதற்கு நான் நாஞ்சில் நாட்டில் புழங்குகிற வசவுகளை எல்லாம் திரட்டி, போதாததற்குப் புதிதாகவும் சில செய்து வைத்திருந்தேன். ஆனால் அவன் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

“தெனமும் விடியக்காலம் கோயில் முக்குல அந்தச் சத்தம் திரும்பும், அண்ணாச்சி,” என்றான். “அண்ணன் வாறதுபோலவே இருக்கும். எழும்பி வாசலுக்குப் போயிருவேன். எத்தன நாளு அப்படிப் போவேன்?”

ஜெர்லின் எழுந்து அவனிடம் போனாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். அவன் கையிலிருந்த நூலை வாங்கிக் குளத்தில் எறிந்தாள்.

“இனி சத்தம் கேட்டா அப்பான்னு நினைக்காண்டாம் சித்தப்பா,” என்றாள். “நாந்தான் வாறேன்னு நினைங்க.”

மத்தியானத்துக்குள் மெக்கானிக் இரண்டு பக்கமும் புதிய மூட்டு மாட்டிவிட்டார். எண்ணெயும் நிரப்பினார். வண்டி சத்தமில்லாமல் போகிறது. இது கவலைப்பட வேண்டாத அமைதிதான் என்று அவர் சொல்கிறார். நம்புகிறேன். ஆனாலும் மாதம் ஒருமுறை மைதானத்துக்குக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். அவள் அடியில் படுப்பாளாம், நான் ஆட்டவேண்டுமாம். என் இடுப்புக்குப் பரிசோதனையில் தோல்வி என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

ஒன்றை மட்டும் இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். சக்கரம் திரும்பி, அடியிலிருந்து பதிலே வராமல் இருந்ததே, அப்போது இரண்டு தடவையும் நான் கூப்பிட்டது அவள் பெயரை அல்ல. வாயில் வந்தது உன் பெயர். ரோடு முழுக்கக் கேட்கும்படி உன் பெயரைச் சொல்லித்தான் கத்தியிருக்கிறேன். அவள் அதைக் கேட்டாள். இதுவரைக்கும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இனியும் கேட்பாளென்று தோன்றவில்லை.

உன் பெயரைக் கேட்டுத்தான், மக்கா, அவள் ‘இருக்கேன்’ என்றாள்.