கேட்காமல் விட்ட சொல்

திங்கள், மார்ச் 9, 1931

விடியற்காலையிலிருந்து மழை. உலு திராம் ரோட்டில் லாரி சேற்றில் மாட்டி, ஆராய்ச்சி நிலையத்துத் துரை (இனி ஆ.து.) தோட்டத்துக்கு வந்து சேர மணி பத்து. வைக்கோல் சுற்றிய கண்ணாடிச் சாடிகள் இரண்டு. ரப்பர் பாலை உறைய வைக்கப் புது ஆசிட். பழையதில் பாதி போதுமாம். ஆய்வுக்கூடத்தில் தேறிவிட்டது. இனி பாலை ஷீட்டாக்கும் எங்கள் ஸ்டோரில் தேறினால் மற்றத் தோட்டங்களுக்கும் போகும்.

மொழிபெயர்க்க, ஆபீஸில் கணக்கெழுதும் நான். "எங்கள் கிராணியின் ஆங்கிலம் சுத்தமானது" என்று தோட்ட மேனேஜரான பெரிய துரை எல்லோர் முன்னும் சொன்னார். உச்சி குளிர்ந்தது.

அளவு, தண்ணீர், கலக்கும் நேரம், எல்லாம் சரியாகச் சொன்னேன். நடுவில் ஒரு நீண்ட வாக்கியம். அதில் 'பிளிஸ்டர்' என்று ஒரு சொல். தெரியவில்லை. ஏதாவது பாத்திரமாக இருக்கும் என்று அந்த வாக்கியத்தையே விட்டேன். கேட்டிருக்கலாம். பெரிய துரை பக்கத்திலேயே நின்றார்.

பால் உறைய வைக்கும் செல்லம்மா விடவில்லை. "துரை என்னமோ நீட்டிச் சொன்னாரே, என்னாங்க ஐயா அது?"

"ஒண்ணுமில்ல. பழைய ஆசிட் மாதிரியேதான்."

புதன், 11

வெயில். மை வாங்க வேண்டும். விளக்குத் திரியும்.

செல்லம்மாவின் வலது கை வெந்துவிட்டது. சாடியைச் சாய்க்கும்போது வளையலுக்கு உள்ளே வழிந்திருக்கிறது. பழைய ஆசிட் பட்டால் முந்தானையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்படியே துடைத்திருக்கிறாள். தொட்டி முழுக்க முடித்துவிட்டுத்தான் கையைப் பார்த்தாளாம். தோல் உரிந்து, விரலை மடக்க முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வளையலை வெட்டி எடுத்தார்.

பெரிய துரை கேட்டார்: "எச்சரிக்கையைச் சொன்னாயா?"

"சொன்னேன் சார். இவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை."

யோசிக்காமல் வந்தது. அவ்வளவு சுத்தமான ஆங்கிலத்தில்.

வீட்டில் அகராதி. பிளிஸ்டர்: கொப்புளம்.

வியாழன், 12

செல்லம்மாவை (இனி செ.) ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை ஆறியதும் புல் வெட்ட. 'கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார் பெரிய துரை. எழுதியது நான். ரப்பர் விலை விழுந்து கிடக்கிற இந்நாளில் அப்படி எழுதப்பட்டவர்கள்தான் ஊருக்குத் திருப்பி அனுப்பும் கப்பல் பட்டியலில் முதலில் வருவார்கள். தெரிந்தேதான் எழுதினேன்.

சாப்பிடவில்லை. மனைவியிடம் வயிறு சரியில்லை என்றேன்.

ஞாயிறு, 15

பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் இருக்கும்போது விலகி வெளியே வந்துவிட்டேன்.

மாலை, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு. கையில் பிஸ்கட் பொட்டலம், வெட்கக்கேடு. செ.வுக்கு அவள் புருஷன் மாணிக்கம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். உட்காரச் சொன்னேன்.

அவள்தான் பேசினாள். "பழசு மாதிரியேதான்னு சொன்னீங்க. நான் கேட்டேன்ல ஐயா?"

"கேட்டே."

"நான் கேக்கலைன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிறாங்களாமே?"

மாணிக்கம் குறுக்கிட்டான். "விடு புள்ள. ஐயாகிட்ட போயி."

அவன் பயந்தது எனக்கு அல்ல. பட்டியலுக்கு. பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய், 17

தூறல். ஆ.து. மறுபடி வந்தார். புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொப்புளம் இல்லை, கறை இல்லை, முதல் தரம். சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

தனியாக இருந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது, நான் சொல்லவே இல்லை, அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று.

ஷீட்டைக் கீழே வைத்தார். பிறகு, தமிழில் ஓர் அறிவிப்பு அச்சடிப்போம், நீயே எழுது, எல்லா ஸ்டோரிலும் ஒட்டலாம் என்றார்.

"அந்தப் பெண், சார்?"

"அது உன் மேனேஜர் விஷயம். அவரிடம் நீ பேசு."

பெரிய துரை அறைக் கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்தேன்.

வெள்ளி, 20

அறிவிப்பு எழுதி முடித்தேன். கையில் படக்கூடாது. பட்டால் உடனே நிறையத் தண்ணீர். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதே. எளிமையாக இருக்கிறது என்று ஆ.து. பாராட்டிக் கடிதம். பெரிய துரை அதை ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

செ. இன்று புல் வெட்டப் போனாள். இடது கையால்.

திங்கள், 23

ஆ.து.வுடன் மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டம். அங்கேயும் அதே சாடிகள். இந்தத் தடவை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, தெரியாததைக் கேட்டு, இரண்டு தடவை சொன்னேன். வளையலைக் கழற்றிவிட்டுத்தான் சாடியைத் தொட வேண்டும் என்றேன். அது ஆ.து. சொல்லாதது.

முன்வரிசையில் ஒரு பெண் தன் வளையலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "வளையலுக்குள்ள போவும்னு எப்படிங்க தெரியும்?"

செல்லம்மா என்ற பெயர் வாய் வரை வந்தது. ஆ.து. என்னைப் பார்த்தார்.

"ஆராய்ச்சியில கண்டுபிடிச்சது" என்றேன்.